நுக்மானின் வண்டிப் பலகை

பலகையின் கண்ணாடியில் மூச்சுப் பட்டுவிடக் கூடாது என்று நுக்மான் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டே துடைக்கிறார். பட்டால் அந்த இடத்தில் உடனே பனி பூத்துவிடும். அப்புறம் நகத்தால்தான் சுரண்ட வேண்டும். மேல் வரிசை, கீழ் வரிசை, பிறகு மூலைகள். துணியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டுச் சற்றுப் பின்னால் போய், கண்ணைச் சுருக்கிச் சிவப்பு எண்களைப் படிக்கிறார். படித்ததை நம்பாதவர்போலக் கைப்பேசியை எடுத்து அதிலும் ஒருமுறை பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுப்பின் பக்கத்தில் உட்கார அவருக்கு மனம் வரும்.

"அது கண்ணாடியா, கல்யாணப் பொண்ணா மாப்பிள்ளை? தேச்சுத் தேச்சே கரைச்சிரப் போற" என்பார் கூல்யாஷ், பால் தேநீர்க் கிண்ணத்தை நீட்டியபடி. நுக்மானுடைய மனைவியின் அக்காள். அந்தப் பெட்டிக்குள் அன்றைய முதல் கேலி அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது முந்திக்கொண்டால் முகம் வாடிவிடும்.

பெட்டி என்றால், சக்கரம் கழற்றிய பழைய சரக்குப் பெட்டி. கோக்தாஸ் நிலையத்தின் நடைமேடை முடிகிற இடத்தில் மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. ரயில் பயணிகளுக்குப் புகைபோட்ட மீனும் ரொட்டியும் விற்கிற பெண்கள் வண்டி வரும்வரை அதற்குள் இருப்பார்கள். நடுவில் இரும்பு அடுப்பு, சுவரோரம் பலகைகள், கூரையிலிருந்து கோல்களில் கோத்துத் தொங்கும் மீன்கள். புதிதாக நுழைகிறவர்களுக்கு ஊரை ஒட்டிய ஏரியே உள்ளே வந்துவிட்டதுபோல மூக்கில் அடிக்கும். பழகியவர்களுக்கு எதுவும் தெரியாது.

நுக்மான் விற்கிறவர் அல்ல. கடைத்தெருவில் கைப்பேசி, தொலைக்காட்சி, மின்கெட்டில் ஆகியவற்றைப் பழுதுபார்க்கிறவர். ஐம்பது வயது தாண்டியவர், அகன்ற தோள், கைகள் மட்டும் வேறு யாருடையதோபோல மெலிந்தவை. எதைக் கொடுத்தாலும் முதலில் காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டிப் பார்ப்பார். பிறகு "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" என்று கேட்பார். நேற்றா, போன வாரமா, யார் கையில் இருந்தபோது? அதைச் சொல்லாமல் பொருளை அவரிடம் விட்டுவிட்டுப் போக முடியாது. சரியாகிவிடுமா என்று கேட்டால், "பாத்துட்டுச் சொல்றேன்." நாளைக்குப் பனி விழுமா என்று கேட்டாலும் அதேதான். ஊரில் அந்தக் கடைக்குப் பெயரே "பாத்துட்டுச் சொல்றேன் கடை" என்றாகிவிட்டது. நாக்கு முந்துகிறவர்கள் நிறைந்த ஊரில் அவருடைய இந்தத் தயக்கத்தைச் சிலர் மந்தம் என்றார்கள். அவர் மனைவி ரௌஷான் அப்படிச் சொன்னதில்லை. "இவரு ஒண்ணு சொல்லிட்டாருன்னா அதுமேல வீடு கட்டலாம்" என்பாள்.

ரௌஷான் இரண்டு குளிர்காலங்களுக்கு முன் இறந்தாள்.

அன்றைக்குச் சமவெளியெங்கும் பனிக்காற்று. வண்டிகளெல்லாம் தடுமாறிப்போயிருந்தன. காலையில் வரவேண்டியது மதியம் வந்தது. மதிய வண்டி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெற்கே போகும் பயணி வண்டி ஒன்று இரண்டாம் தடத்தில் வந்து நின்றது. பெண்கள் முதல் தடத்தைத் தாண்டி அங்கே ஓடினார்கள். வழக்கம்தான், இந்த நிலையத்தில் வேறு பாதை இல்லை. வண்டி புறப்படுகிற நேரத்தில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ரௌஷான் மட்டும் பின்தங்கினாள். ரயில்பெட்டி வாசலில் நின்ற பயணி ஒருவர் இதைவிடப் பெரிய மீன் இருக்கிறதா என்று அவளுடைய கோலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கோக்தாஸில் நிற்காமல் போகும் வேகவண்டி ஒன்று உண்டு. அது இரவே போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போகவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள், காற்று அதை ஏரிப் பக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரௌஷான் சால்வையைக் காதுவரை இறுக்கிக் கட்டியிருந்தாள். மீன்கோலைத் தோளில் சாய்த்தபடி முதல் தடத்தில் கால் வைத்தாள்.

ஆள் வந்து சொன்னபோது நுக்மான் ஒரு கைப்பேசியின் முதுகைத் திறந்துகொண்டிருந்தார். திறந்தது திறந்தபடியே கிடக்க ஓடினார். நடைமேடையில் கூல்யாஷ் இரண்டு கைகளையும் விரித்து அவரை மறித்துக்கொண்டார். "போகாத மாப்பிள்ளை. நீ பாக்க வேண்டாம். நான் பாத்துட்டேன், போதும்."

அவர் பார்க்கவில்லை. அதன்பிறகு நடைமேடைப் பக்கமே போகவில்லை.

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, தனியாக இருந்த வீட்டில் சும்மா கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டார். எந்த வண்டி எந்த நிலையத்தைக் கடந்தது, எவ்வளவு தாமதம் என்று ரயில்வேயின் இணையப் பக்கத்திலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைக்கும் அது அங்கே இருந்திருக்கிறது. வேகவண்டி இன்னும் வரவில்லை, பக்கத்து நிலையத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் எழுதிக் கிடந்திருக்கிறது. யார் எடுத்துப் பார்ப்பது? கையில் தடித்த உறை, உறைமேல் மீன் எண்ணெய். கைப்பேசியை வெளியே எடுத்தால் குளிரில் அணைந்துபோகும்.

மறுநாள் கூல்யாஷ் வீட்டு வாசலில் போய் நின்றார். "அக்கா, அன்னிக்கே அது போன்ல இருந்துச்சு."

"எது?"

"அந்த வண்டி வருதுன்னு. எல்லார் போன்லயும் இருந்துச்சு."

கூல்யாஷ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்ற?" என்றார். "நான் ராத்திரி தூங்கக் கூடாதுன்னா?"

"சுவத்துல மாட்டுற மாதிரி ஒண்ணு செய்யலாம்னு பாக்கறேன்."

"பாத்துட்டுச் சொல்றியாக்கும்" என்றார் கூல்யாஷ். அது கேலியா, அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடைத்தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடை மூடிக் கிடந்தது. அதன் வாசலில் தொங்கிய விலைப்பலகையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார். மூன்று வரிசை: டாலர், யூரோ, ரூபிள். ஒவ்வொன்றுக்கும் வாங்கும் விலைக்கு ஒரு கட்டம், விற்கும் விலைக்கு ஒரு கட்டம். வாங்கும் விலை காட்டிய கட்டத்தில் வண்டியின் எண், விற்கும் விலை காட்டியதில் வருவதற்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று மனத்துக்குள் வகுத்துக்கொண்டார். பலகைக்கு எண்களைத் தவிர வேறெதுவும் காட்டத் தெரியாது. அது போதும்.

பழுதுபார்க்கத் தெரிந்தவர்தான், நிரல் எழுதத் தெரிந்தவர் அல்ல. எங்கோ ஒரு நகரத்தில் ஒருவர் தன் சமையலறைச் சுவரில் டிராம் நேரம் காட்டும் பெட்டி செய்து, செய்த விதத்தைக் காணொளியாகப் போட்டிருந்தார். காலையில் அவசரமில்லாமல் காபி குடிப்பதற்காகச் செய்தது. நுக்மான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிப்புப் பலகையை வரவழைத்தார். அது இணையப் பக்கத்தைப் படித்து எண்களை விலைப்பலகைக்குச் சொல்ல வேண்டும். முதலில் அது எதையும் படிக்கவில்லை. பிறகு எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. ஒருநாள் முழுக்க நேற்றைய வண்டிகளைக் காட்டியது. அவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், பழக்க தோஷம். கடையில் மற்றவர்களின் கெட்டில்கள் தூசி படிந்து கிடந்தன. கேட்க வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போனார்கள்.

பனி உருகுவதற்குள் பலகை தயாராகிவிட்டது. அதை அவர் கொண்டுபோகவில்லை. கூல்யாஷும் ரொட்டி விற்கிற லியூபாவும் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப்போலத் தூக்கிப்போய், சரக்குப் பெட்டிக்குள் கதவருகே அவர் சொன்ன இடத்தில் மாட்டினார்கள். அவர் கடையிலிருந்தே எல்லாவற்றையும் சரிபார்த்தார்.

பெண்கள் முதலில் சிரித்தார்கள். டாலர் குறி அழியாமல் இருந்ததால் மேல் வரிசைக்கு டாலர் என்றே பெயர் நிலைத்தது. "டாலர் இன்னிக்கு ரொம்ப லேட்டு", "யூரோ வந்துக்கிட்டே இருக்கு, கெளம்புங்கடி" என்று பேச்சு மாறியது. காற்றில் நின்று தண்டவாளத்தையே வெறித்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். லியூபாவின் மூட்டுவலி குறைந்தது. எண் குறைந்து வந்தபோதுதான் எழுந்தார்கள். எழுந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைப் பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்கள். இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு புயல்காற்றில் ஊரின் கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தது. பலகைக்குப் புதிய செய்தி வரவில்லை. வராதபோது என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் கடைசியாகத் தெரிந்ததையே காட்டிக்கொண்டிருந்தது. வேகவண்டிக்கு நாற்பது நிமிடம். நாற்பது நாற்பதாகவே நின்றது. லியூபா ரொட்டிக் கூடையோடு நிதானமாக முதல் தடத்தைத் தாண்டினார். வண்டியின் கூவல் கேட்டபோது அவர் நடுவில் இருந்தார். பின்னால் வந்த கூல்யாஷ் அவருடைய கோட்டுப் பட்டியைப் பிடித்து இழுத்தார். இருவரும் சரளைக்கல்லில் விழுந்தார்கள். லியூபாவின் மணிக்கட்டு முறிந்தது. உருளைக்கிழங்கு ரொட்டிகள் தடமெங்கும் சிதறிக் கிடந்தன.

கூல்யாஷ் முழங்கையில் ரத்தத்தோடு நேராகக் கடைக்கு வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "என் தங்கச்சியக் காத்து கொன்னுச்சு. சரி, காத்தை யாரு என்ன கேக்க முடியும்? இன்னிக்கு லியூபாவைக் கொல்லப் பாத்தது உன் பெட்டி."

நுக்மான் எழுந்து நின்றார்.

"ஒரு வண்டிய, ஒரே ஒரு வண்டிய நீ கண்ணால பாத்தியா? பெட்டி நாப்பதுன்னு சொல்லுதே, வண்டியும் நாப்பதுல வருதான்னு ஒருநாள் அங்க வந்து நின்னு பாத்தியா? எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்ற ஆளு, இதை மட்டும் பாக்காம சொல்லிட்ட."

அவர் போன பிறகு நுக்மான் கடையின் ஷட்டரை இறக்கினார். அன்றே ஆள் அனுப்பிப் பலகையைக் கழற்றி வரச்செய்தார். மேசைக்கடியில் முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்தார். ரௌஷானுக்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவும்தான் செய்தோமோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த நினைப்பை அவரால் எந்தப் பக்கமும் தள்ளிவைக்க முடியவில்லை.

கையில் மாவுக்கட்டோடு லியூபா கடைக்கு வந்தபோது, திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுந்து நின்றார். லியூபா உட்கார்ந்து, நல்ல கையால் தலைச்சால்வையைத் தளர்த்திக்கொண்டார்.

"எப்ப திரும்ப மாட்டப் போறீங்க?"

"மாட்டல. அது பொய் சொல்லிருச்சு லியூபா."

"பொய்யா? எங்க வீட்டுக்காரர் சொன்ன பொய்யெல்லாம் நீங்க கேட்டதில்ல." லியூபா சிரிக்காமலே சொன்னார். "ரௌஷானுக்கு ஒரு விஷயம் தெரியலேன்னா வாயே திறக்க மாட்டா. உங்க பெட்டிக்கு வாயை மூடத் தெரியல. அவ்வளவுதான். நாங்க மறுபடியும் காத்துல நிக்கிறோம், நுக்மான். குளிர் வருது."

நுக்மான் தலை குனிந்துகொண்டார். லியூபா எழுந்து போகும்வரை நிமிரவில்லை.

மறுநாள் காலை அவர் நடைமேடைக்குப் போனார். சரக்குப் பெட்டியைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் கூப்பிடவில்லை, கூல்யாஷ்கூட. அவர் மேலே நடந்து, முதல் தடத்துக்கு எதிரே போய் நின்றார். சரளைக்கல், எண்ணெய்க் கறை, காய்ந்த புல். மற்ற இடங்களைப்போலத்தான் இருந்தது அதுவும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நிலையத்தின் பணி அதிகாரி தெமிர்ஹான் தன் அறையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். நுக்மானைவிட இளையவர். அன்று ஒலிபெருக்கியில் பேசியவர் அவர்தான். பலகை மாட்டியபோது, இதெல்லாம் விதிக்கு ஒத்துவராது, நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்.

"மூணு தடவ சொன்னேன், அண்ணே" என்றார். "அன்னிக்கு. மூணு தடவ சொன்னேன்."

"தெரியும்."

"வெளிய இறங்கி வந்து நான் சொல்லியிருக்கலாம்."

நுக்மான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல, தம்பி" என்றார். தெமிர்ஹான் தொப்பியைக் கழற்றினார். வண்டியின் கூவல் தூரத்தில் கேட்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அந்தக் குளிர்காலம் தொடங்கும்வரை நுக்மான் ஒவ்வொரு பகல் வண்டிக்கும் அங்கே வந்து நின்றார். சிப்புப் பலகையைச் சிறு திரையோடு ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அது சொல்வதையும் வண்டி வருவதையும் ஒத்துப் பார்த்தார். எங்கே பிசகுகிறது என்று புரிந்தது. இணையப் பக்கமே சிலசமயம் பின்தங்குகிறது. பக்கத்து நிலையத்தில் வண்டி நிற்காமல் கடந்தால் எண் ஒரேயடியாகக் குதிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பலகைக்கு வாயை மூடச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நிமிடம் புதுச் செய்தி வராவிட்டால் எண் போய்விடும். அந்தக் கட்டத்தில் வெறும் கோடு. மூன்று வரிசையும் கோடாகிவிட்டால் மேலே ஒரு விளக்கு எரியும். பெண்கள் அதை "ரௌஷான் பேசல" என்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது அவர் முகம் இறுகியது. இப்போது அவரே சில நாள் அப்படிச் சொல்கிறார்.

சரக்கு வண்டிகள் இணையப் பக்கத்தில் வருவதில்லை. பலகையை மறுபடி மாட்டச் சொன்னபோது அதன் கீழேயே வெள்ளைச் சாயத்தில் அதை எழுதிவைத்தார்: "சரக்கு வண்டி எனக்குத் தெரியாது." அதற்கு வேறு வழி கிடைத்தது. தெமிர்ஹான் தன் அறையிலிருந்து இறங்கி வந்து, சரக்குப் பெட்டியின் தகரச் சுவரில் கை முட்டியால் ஓங்கித் தட்டிவிட்டுப் போகிறார். உள்ளே வருவதில்லை. பலகையைத் தான் பார்த்ததேயில்லை என்றுதான் இன்னும் சொல்கிறார். கூல்யாஷ் மட்டும் கதவைத் திறந்து அவர் கையில் எண்ணெயில் பொரித்த சூடான பவுர்சாக் உருண்டை இரண்டை வைத்து மூடுவார். முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர்களுக்கிடையில் இப்போதைக்கு அவ்வளவுதான்.

நுக்மானின் கடை மறுபடி ஓடுகிறது. கெட்டில்கள் உரியவர்களிடம் போய்விட்டன. ஆனால் பகல் வண்டிகளின் நேரத்துக்குக் கதவில் சாவியைத் திருகிவிட்டு நிலையத்துக்கு வந்துவிடுகிறார். பலகை சரியாகத்தானே காட்டுகிறது, இன்னும் எதற்கு வருகிறாய் என்று கேட்டால், "பாத்துட்டுப் போறேன்" என்கிறார். விற்பதற்கு ஒத்தாசை எதுவும் செய்வதில்லை. மீன் விலையும் தெரியாது. நடைமேடையின் ஓரத்தில், காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக நிற்கிறார்.

இந்தக் குளிர்காலம் மொல்தீர் என்ற இளம்பெண் விற்பனைக்குச் சேர்ந்தாள். ஏரியின் மறுகரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். முதல்நாள், கோலைப் பிடிக்கத் தெரியாமல் மீன்களைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"அந்தப் பெட்டிய நம்பலாமா, அண்ணே? டாலர் வந்திருச்சுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"நம்பலாம்" என்றார் நுக்மான். கொஞ்சம் யோசித்து, "நம்பிட்டு, ரெண்டு பக்கமும் பாரு" என்றார்.

"கூல்யாஷ் அக்கா எங்க நிக்கச் சொல்றாங்கன்னா..."

தெற்கே போகும் வண்டி முதல் தடத்தில் வந்துவிட்டது. இன்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்துப் பனி தூளாகப் பறந்தது. மொல்தீர் பேசிக்கொண்டே சற்று முன்னால் சாய்ந்தாள், எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று பார்க்க. நுக்மானின் இடது கை உயர்ந்து அவள் முன்னால் குறுக்கே நீண்டது. அவளைத் தொடவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. கண் சக்கரங்களின் மேலேயே இருந்தது. மொல்தீர் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பேச்சை நிறுத்திக்கொண்டாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து, வேகம் தணிந்து, கடைசி அசைவோடு நின்றன. கதவுகள் திறந்தன. மற்ற பெண்கள் கோல்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கை இன்னும் அங்கேயே இருந்தது.